தாயத்தை உருட்டுங்க... ஆனா எல்லோருக்கும் இடம் போடுங்க!

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணி. உங்கள் வீட்டு ஹாலைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். தாத்தா ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். பாட்டி டி.வி.யைப் பார்க்கிறாரா, சும்மா அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரா, தெரியவில்லை. அப்பா கையில் ஒரு செல்போன். காலேஜ் படிக்கும் மகள் கையில் ஒன்று. நாலாவது படிக்கும் பையன் கையில் அம்மாவுடைய போன். அந்த அம்மா எங்கே? வேறெங்கே... சமையலறையில்தான்!

ஆறு பேர் இருக்கிற வீடு. ஒரு மணி நேரத்தில் யாரும் யாரிடமும் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். சண்டையா? இல்லை. கோபமா? அதுவும் இல்லை. பேசுவதற்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சாக்கு உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. பித்தளைத் தாயக்கட்டை, மடித்து வைத்த பரமபத அட்டை, சுவரோரம் சாய்த்து வைத்த கேரம் போர்டு, ஓரம் மடங்கிப்போன ஒரு சீட்டுக்கட்டு. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், இதில் ஏதாவது ஒன்றை எடுத்துப் போட்டு எல்லோரும் வட்டமாக உட்காருங்கள் என்பதுதான் என் கட்சி.

"அட, இதுதானா? லீவுல நாங்க ஆடுறதுதானே!" என்பீர்கள். ஆடுகிறீர்கள், சரி. யார் யார் ஆடுகிறீர்கள்? பிள்ளைகள் ஆடுவார்கள், மாமா ஆடுவார், சித்தப்பா ஆடுவார். தாத்தா 'வேடிக்கை பார்ப்பார்'. அம்மா பஜ்ஜி போட்டுக்கொண்டிருப்பார். நான் சொல்ல வருவது அதைப் பற்றித்தான். எந்த ஆட்டம் என்பது இரண்டாவது கேள்வி. யார் யாருக்கு இடம் போட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

மருந்து இல்லீங்க... துணை!

"போர்டு கேம் ஆடினா மூளை ஷார்ப்பாகும், மறதி வராது" என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். இதில் எவ்வளவு நிஜம்?

அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து, 2003-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புத்தகம் படிப்பவர்கள், பலகை ஆட்டம் ஆடுபவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், நடனம் ஆடுபவர்கள் ஆகியோருக்கு மறதி நோய் குறைவாக வந்தது என்றது அது. தென்மேற்கு பிரான்ஸில் 3,675 முதியவர்களை இருபது வருடம் கவனித்த இன்னொரு ஆய்வு 2013-ல் வந்தது. ஆட்டம் ஆடுபவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம் 15 சதவீதம் குறைவு என்று அதில் தெரிந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த பிரான்ஸ் ஆய்வாளர்களே இன்னொரு கணக்கும் போட்டார்கள். ஆரம்பத்திலேயே யாருக்கு ஞாபகசக்தி நன்றாக இருந்தது, யாருக்கு மனச்சோர்வு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. அதாவது, ஆடியதால் தெம்பாக இருந்தார்களா, தெம்பாக இருந்ததால் ஆடினார்களா என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதனால் தயவுசெய்து தாயக்கட்டையை மாத்திரை மாதிரி நீட்டாதீர்கள். "தாத்தா, இது உங்க மூளைக்கு நல்லது, தினம் அரைமணி ஆடுங்க!" என்று சொன்னால், மனுஷன் அன்றோடு அந்தப் பக்கமே வரமாட்டார். ஏற்கெனவே காலையில் நாலு, ராத்திரி மூன்று என்று மாத்திரை விழுங்குகிறவர் அவர். விளையாட்டையுமா விழுங்குவார்?

தனிமை விஷயம் வேறு. அதில் மருத்துவ உலகம் தெளிவாகவே பேசுகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் தவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருடத்துக்கு எட்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு உண்டு என்பது அதன் மதிப்பீடு. 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல், மறதி நோய்க்கான காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை என்று 14 விஷயங்களைப் பட்டியல் போட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாம் உள்ள அந்தப் பட்டியலில் காது கேளாமை இருக்கிறது, பார்வைக் குறைவு இருக்கிறது, மனிதர்களோடு பழக்கம் விட்டுப் போவதும் இருக்கிறது.

தனிமை என்றதும் முதியோர் இல்லத்தை நினைத்துக் கொள்ளாதீர்கள். ஆறு பேர் உள்ள வீட்டு ஹாலிலும் ஒருவர் தனியாக இருக்க முடியும். "சாப்பிட்டாச்சா?", "மாத்திரை போட்டாச்சா?" என்ற இரண்டு கேள்விகளைத் தவிர நாள் பூராவும் வேறு எதுவும் கேட்கப்படாத பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! "உங்க ஆட்டம் தாத்தா, உருட்டுங்க!" என்பது மூன்றாவது வாக்கியம். அதில் இருக்கிற மரியாதை மற்ற இரண்டிலும் கிடையாது. அவர் உருட்டினால்தான் அடுத்தவர் ஆட முடியும். அவருக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள்!

முதல்ல அடுப்பை அணைங்க!

தாத்தா, பாட்டியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் தலையாட்டுவோம். அடுத்த ஆளைப் பற்றிப் பேசினால் வீட்டில் ஒரு சின்ன அமைதி விழும். யாரைச் சொல்கிறேன் என்று தெரிகிறதல்லவா?

நம் வீடுகளில் 'எல்லோரும் சேர்ந்து விளையாடினோம்' என்றால், ஒருவர் நீங்கலாக எல்லோரும் என்று அர்த்தம். கேரம் காய் அடுக்கும்போது காபி. பாதி ஆட்டத்தில் வெங்காய பஜ்ஜி. முடிகிற நேரத்தில் "பசிக்குதும்மா, டிபன் ரெடியா?" அந்த வீட்டுப் பெண்மணிக்கு அது விளையாட்டு ராத்திரி இல்லை, கூடுதல் டியூட்டி ராத்திரி!

ஆகவே ஆட்டம் ஆரம்பிக்கும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். இதை வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மதியமே கலந்து வைத்த புளியோதரை, தயிர்சாதம், அப்பளம் போதும். கொறிக்க வறுத்த வேர்க்கடலை, பொரி, வெள்ளரிக்காய். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டால் யாரும் எழுந்து போக வேண்டாம். ஆட்டம் முடிந்து தட்டு கழுவுவது தோற்ற கட்சியின் வேலை. அட, இதைவிட நல்ல பந்தயம் உண்டா?

"எனக்கு ஆடத் தெரியாதுங்க, நீங்க ஆடுங்க" என்று அவர் நழுவினால் நம்பாதீர்கள். பத்து வயதில் பல்லாங்குழியில் அண்ணனைக் கதற வைத்த கைதான் அது. வருடக்கணக்காக யாரும் கூப்பிடவில்லை, அதுதான் விஷயம்.

யாருக்கு எந்த ஆட்டம்?

என் அளவுகோல் ஒன்றுதான். வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் ரொம்ப பலவீனமான ஆள் யாரோ, அவரும் ஜெயிக்க வழியிருக்கிற ஆட்டமாக இருக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தையாக இருக்கலாம், எண்பது வயது பாட்டியாக இருக்கலாம். திறமையும் அதிர்ஷ்டமும் பாதிப் பாதி கலந்த ஆட்டம்தான் குடும்பத்துக்கு ஏற்றது.

அந்த விதத்தில் தாயத்துக்கு முதல் மார்க். இரண்டு கட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெற்று, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டே விதத்தில்! ஒன்றில் வெற்று, இன்னொன்றில் ஒரு புள்ளி. அதாவது எட்டு தடவை உருட்டினால் சராசரியாக ஒரு தாயம். 'சராசரியாக' என்பதைக் கவனியுங்கள். எட்டு தடவை உருட்டியும் தாயமே விழாமல் போக, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது! பொடிப்பயல் உதட்டைப் பிதுக்குவது சும்மா இல்லை. அதனால் 'ஐந்து சுற்று தாயம் விழாவிட்டால் ஒரு காயை இறக்கிக்கொள்ளலாம்' என்று வீட்டுச் சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதால், பின்தங்கிப்போன பாட்டி ஒரே மூச்சில் இரண்டு காயை வெட்டிவிட்டுப் பழமேறிப் போவதும் நடக்கும். அப்போது பாட்டி முகத்தைப் பாருங்கள்!

இங்கிலாந்தில் 1896-ல் பதிவு செய்யப்பட்ட லூடோவுக்கு மூலம் நம் நாட்டு பச்சீஸி. பாம்பும் ஏணியும் இங்கிருந்து போனதுதான். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க ஆடும் நம் பரமபதம், அந்தக் குடும்பத்து ஆட்டம். இதில் திறமைக்கு வேலையே இல்லை. எல்.கே.ஜி. குழந்தையும் கொள்ளுத்தாத்தாவும் சரிசமம். குழந்தைக்கு ஒரு போனஸும் உண்டு. ஒன்று முதல் பத்து வரை எண்கள் வரிசையாக எழுதிய பலகையில், இரண்டு வாரத்தில் நாலு முறை, கால் மணி நேரம்போல ஆடிய ஏழைக் குழந்தைகளுக்கு எண்ணறிவு கூடியதாக 2008-ல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. காயை நகர்த்தும்போது குழந்தை கட்ட எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் சூட்சுமம். டியூஷன் ஃபீஸ் மிச்சம்!

இரண்டே பேர் என்றால் பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு ஐந்து முத்து. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் அள்ளிக்கொள்ளலாம். தாத்தாவும் பேரனும் மோத ஆடுபுலி ஆட்டம். புலி மூன்று, ஆடு பதினைந்து. சாக்பீஸால் தரையில் கோடு போட்டால் போர்டு ரெடி. புலிக்குப் பலம் ஜாஸ்திதான், ஆனால் ஆடுகள் ஒட்டி நின்றால் புலி நகர முடியாது. இதற்கு மேல் குழந்தைக்கு ஒற்றுமையைப் பற்றி லெக்சர் கொடுக்க வேண்டுமா?

நாலு பேர் என்றால் கேரம். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, நடுவில் சிவப்பு ஒன்று. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் ஆரம்பிக்கப்பட்டதே நம் சென்னையில்தான். 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்த காசிமாவும் சென்னைப் பொண்ணுதான். ஆனால் கை பழகியவர் ஒருவர் இருந்துவிட்டால் மற்றவர்களுக்கு வேலையே இருக்காது. அதனால் கெட்டிக்காரரையும் கற்றுக்குட்டியையும் ஒரே ஜோடியாகப் போடுங்கள்.

ஆறு, ஏழு பேர் சேர்ந்தால் சீட்டுக்கட்டில் 'கழுதை'. கட்டு முழுவதையும் பங்கு போட்டு, ஒருவர் இறக்கிய இனத்திலேயே எல்லோரும் இறக்க வேண்டும். அந்த இனம் கையில் இல்லாதவர் வேறு சீட்டால் வெட்டினால், பெரிய சீட்டு போட்டவர் அத்தனையையும் அள்ள வேண்டும். கடைசியில் சீட்டோடு மாட்டிக்கொள்பவர்தான் கழுதை! வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையையே கழுதை என்று கூப்பிட, இந்த ஆட்டத்தை விட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது? பிள்ளைகள் 'ஊனோ' கொண்டு வந்தால் அதையும் ஒதுக்காதீர்கள். 1971-ல் அமெரிக்காவில் ஒரு முடிதிருத்துபவர் கண்டுபிடித்த ஆட்டம் அது. கலரும் நம்பரும் தெரிந்தால் பெரும்பாலும் போதும், இங்கிலீஷ் தெரியாத பாட்டியும் பத்தே நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்.

ஒன்றுமே இல்லையா? ஐந்து துண்டுச் சீட்டு கிழியுங்கள். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதிக் குலுக்கிப் போடுங்கள். போலீஸ் சீட்டு வந்தவர் முகத்தைப் பார்த்தே திருடனைப் பிடிக்க வேண்டும். காசு செலவில்லாமல் இவ்வளவு சிரிப்பு வேறு எதிலும் வராது. பத்துப் பதினைந்து சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் தம்போலா. ஒன்று முதல் தொண்ணூறு வரை எண்கள், டிக்கெட்டுக்கு பதினைந்து. எண்ணைக் கூப்பிடும் வேலையைப் பாட்டிக்குக் கொடுங்கள். அன்றைக்கு அவர்தான் ஸ்டார்.

எதைத் தவிர்க்கலாம்? ஊரை வாங்கி வீடு கட்டும் 'பிஸினஸ்' மாதிரி ஆட்டங்கள், என்னைக் கேட்டால், குடும்ப ராத்திரிக்குச் சரிப்படாது. மூன்று மணி நேரம் இழுக்கும். முதலில் திவாலான குழந்தை மீதி நேரம் மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் பணம் எண்ணுவதைப் பார்க்க வேண்டும். ஆனந்தையும் குகேஷையும் தந்த ஊரில் இருந்துகொண்டு செஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது இரண்டு பேர் தலை குனிந்து யோசிக்கிற ஆட்டம். வீட்டில் பேச்சு வர வேண்டும் என்றால், அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு மட்டும் வேண்டாம்!

"சும்மா பத்து பைசா பாயிண்ட்தானே, காசு வெச்சாத்தான் த்ரில்!" என்று ஒரு மாமா நிச்சயம் சொல்வார். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு, கடனில் சிக்கி, உயிரையே விட்டவர்களைப் பற்றி எத்தனை செய்தி படித்தோம்! தமிழ்நாட்டில் இதற்கென ஒரு சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. சூதாட்டப் பழக்கம் முற்றினால் அது ஒரு நோய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே சொல்கிறது.

வீட்டு ரம்மியில் பத்து ரூபாய் வைத்தால் நாளைக்கே பையன் சூதாடி ஆகிவிடுவான் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் தோற்றால் காசு, ஜெயித்தால் காசு என்று பழகிய மனசுக்கு, காசில்லாத ஆட்டம் உப்பில்லாத சோறாகிவிடும். சிரிப்புக்காக ஆடத் தெரிய வேண்டும் என்பதுதானே நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம்? பந்தயம் வேண்டுமா, புளியங்கொட்டை வையுங்கள். அதிகம் ஜெயித்தவருக்கு அடுத்த வாரம் எந்த ஆட்டம் என்று முடிவு செய்யும் உரிமை!

பலகை காட்டிக் கொடுக்கும்

உட்கார்ந்து ஆடும்போது இன்னொரு நன்மையும் உண்டு. மாதக்கணக்காக நாம் கவனிக்காமல் விட்ட விஷயங்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தில் கண்ணில் படும்.

"என்ன விழுந்துச்சு? என்ன விழுந்துச்சு?" என்று பாட்டி திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? கவனம் இல்லை என்று அதட்டாதீர்கள், காதைச் சோதியுங்கள். சீட்டை லைட் பக்கம் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாரா? கண் டாக்டரிடம் ஒரு நடை. ஊனோவில் பையன் சிவப்புக்குப் பச்சையைப் போடுகிறானா? அவனுக்கு நிறக்குறைபாடு இருக்கலாம், வம்பு செய்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள். தாத்தாவின் கை, சும்மா மடியில் வைத்திருக்கும்போதே நடுங்குகிறதா? டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. ஐம்பது வருஷமாக ஆடிய ஆட்டத்தில், காய் எந்தப் பக்கம் போகும் என்றே சமீபகாலமாகத் தடுமாறுகிறாரா? 'வயசாச்சு' என்று ஒதுக்காமல் மருத்துவ ஆலோசனை கேளுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. இதையெல்லாம் மனசுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னாலும் "அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு பாரேன்" என்று சொல்லிவிட்டால் போச்சு, அடுத்த வாரம் அவர் வரமாட்டார். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர் என்றால், புது ஆட்டம் சொல்லிக்கொடுக்க முயல வேண்டாம். சின்ன வயதில் கை பழகிய பல்லாங்குழியைக் கொடுத்துப் பாருங்கள். கணக்கு தப்பினாலும் திருத்தாதீர்கள். முத்தை அள்ளிப் போடும் சுகம் போதும்.

சில ஜாக்கிரதைகள்

* கேரம் போர்டில் போடும் போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் விஷம். பஜ்ஜித் தட்டை போர்டு மேல் வைக்காதீர்கள். ஆடி முடித்ததும் கை கழுவ வேண்டும். டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

* பல்லாங்குழிக்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த அழகான விதையை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை, சோழி போதும். அதையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கையில் கொடுக்கக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

* மூட்டுவலிக்காரர்களைச் சம்மணம் போட வைக்காதீர்கள். ஒரு மேஜையைச் சுற்றி நாற்காலி போட்டால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. எல்லோருமே அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு நடை நடப்பது நல்லது.

* சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஆட்ட சுவாரஸ்யத்தில் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

* செல்போன்கள் எல்லாம் ஒரு கூடையில். அப்பாவுடையதுதான் முதலில் விழ வேண்டும்!

தோற்கவும் பழகட்டும்

"குழந்தை அழுவான், விட்டுக்கொடுங்க" என்பது தாத்தா கட்சி. "தோத்தாத்தான் புத்தி வரும்" என்பது அப்பா கட்சி. இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை.

எப்போதும் விட்டுக்கொடுத்தால் குழந்தை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். எப்போதும் தோற்கடித்தால் அதற்கு ஆட்டமே வெறுத்துப் போகும். அதனால்தான் அதிர்ஷ்டம் கலந்த ஆட்டமாகப் பொறுக்கச் சொல்கிறேன். யாரும் வேண்டுமென்றே தோற்க வேண்டாம், கட்டையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்பா தோற்கும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான் பையன் உன்னிப்பாகப் பார்ப்பான். அவர் சிரித்துக்கொண்டே காயை அடுக்கினால், நாளைக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தாலும் வீட்டில் வந்து சொல்லலாம் என்ற தைரியம் பையனுக்கு வரும். அப்பா போர்டைத் தட்டிவிட்டால்? அதையும் பையன் கற்றுக்கொள்வான்.

கொஞ்சம் அழுகுணி ஆட்டம் இருக்கட்டும், கொஞ்சம் கூச்சல் இருக்கட்டும். சண்டை போட்டாலும் பரவாயில்லை, பேச்சாவது நடக்கிறதே! சத்தமே இல்லாத வீடுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். எல்லோரும் வர மாட்டேன் என்றால் மூன்று பேரோடு ஆரம்பியுங்கள், சிரிப்புச் சத்தம் மற்றவர்களை இழுத்துக்கொண்டு வரும். முதல் உருட்டல் யாருக்கு என்று கேள்வி வந்தால், வயதைப் பார்க்க வேண்டாம். இந்த வாரம் உங்கள் வீட்டில் யார் குறைவாகப் பேசினார்களோ, கட்டையை அவர் கையில் கொடுங்கள்.